ரீச்சரைக் கேளுங்கோ: மாரித் தவளையும் துண்டுபட்ட காடும்

போன இதழில ஒரு மூலைக்குள்ள நாலு வரி போட்டிருந்தன், தவளை தேரை மாதிரி ஈரூடகவாழிகளில உலகத்தில நூற்றுக்கு 40க்கு மேல அழியிற ஆபத்தில நிக்குதெண்டு 2023இல வந்த கணக்கைப் பற்றி. அவ்வளவுதான் எழுதினது. அதுக்கு வந்த கடிதத்தைப் பாத்தா இந்தமுறை பக்கம் முழுக்கத் தவளைதான், வேற கேள்வி கேட்டு எழுதின ஆக்கள் கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கோ. கடிதங்களைச் சுருக்கித்தான் போடுறன், சிலபேர் காணிப் பிரச்சினையெல்லாம் சேர்த்து எழுதியிருக்கிறியள், அதுக்கு நான் பதில் சொல்லேலாது.

ரீச்சர், எங்கட பக்கம் காட்டுக்கு என்ன குறை? ரோட்டால போனா ரெண்டு பக்கமும் காடுதான். இடைக்கிடை வெட்டி வயல், தேக்கு, குடியிருப்பு எண்டு வந்திருக்குத்தான், எண்டாலும் மொத்தமாப் பாத்தா காடு கிடக்குத்தானே. துண்டு துண்டாக் கிடந்தா தவளைக்கு என்ன வந்தது? அது என்ன யானையே, பெரிய காடு கேக்க?
(மாங்குளம் வாசகர் ஒருவர்)

ஐயா, நல்ல கேள்வி, ஆனா நீங்கள் யானையை இழுத்ததுதான் பிழைச்சுப் போச்சு. யானை நினைச்சா ஒரு ராவில வயலையும் ரோட்டையும் கடந்து அடுத்த காட்டுக்குப் போயிடும், வெடி கொளுத்தினாலும் போயிடும், வேலி போட்டாலும் போயிடும் எண்டது உங்களுக்குத்தான் நல்லாத் தெரியும். தவளையால அது ஏலாது. அதின்ர தோல் மெல்லிசு, எப்பவும் ஈரமா இருக்கவேணும், அந்தத் தோலாலயும்தான் அது மூச்சு விடுது, தண்ணியையும் வாயால குடிக்கிறேல்லை தோலாலதான் உறிஞ்சுது, அப்ப தண்ணி உள்ள வாற வழியாலேயே வெளியிலயும் போயிடும். வைகாசிக்குப் பிறகு சோளகம் எழும்பி புரட்டாதி மட்டும் வீசேக்க, மரம் வெட்டி வெளியாக்கின கிரவல் நிலத்தில மத்தியானம் எங்களாலேயே வெறுங்காலோட நிக்கேலாது. கொஞ்சத் தூரந்தானே எண்டு நாங்கள் சொல்லுற அந்த வெளி, ஒரு சின்னத் தவளைக்குக் கடக்கேலாத தூரம்.

அடுத்தது, காட்டைத் துண்டாக்கினா மிஞ்சின துண்டும் பழைய காடா இருக்காது. வெட்டின ஓரத்தால வெயிலும் காத்தும் உள்ள பூந்து சருகைக் காயவைக்கும். பாலை, வீரை, முதிரை எல்லாம் வெளியால பாக்க அப்பிடியேதான் நிக்கும், ஆனா கீழ சருகைக் கிளறிப் பாத்தா முந்தி கறுப்பா, ஈரமா இருந்த மண் சாம்பல் நிறத்தில தூளாக் கிடக்கும். துண்டு சின்னனாகச் சின்னனாக ஓரம் கூடிக்கொண்டு போகும், கடைசியில அது முழுக்க ஓரந்தான், நடு எண்டு ஒண்டு இல்லை.

எண்டாலும் வன்னித் தவளைக்கு இதைவிடப் பெரிய விசயம் ஒண்டு இருக்கு, அதுதான் தண்ணி நிக்கிற பள்ளம். எங்கட பக்கத்தில இருக்கிற கனபேர் மாரியில கத்திக் கூடி முட்டை போட ஒரு இடத்தையும், கோடையில ஒளிச்சுக் கிடக்க வேற ஒரு இடத்தையும் பாவிக்கிறவை. வளைதோண்டித் தவளை எண்டு ஒரு சாதி இருக்கு, உருண்டையா, கட்டையா, பின்னங்கால் அடியில மண் தோண்ட எண்டே ஒரு தடிச்ச மேடு. அது பின்பக்கமாச் சுத்திச் சுத்தி மண்ணுக்குள்ள இறங்கி மாசக்கணக்கா அங்கயே கிடக்கும். கல்லுக்குள்ள தேரைக்கும் ஆண்டவன் படியளப்பான் எண்டு சொல்லுவினம், அந்தத் தேரை படியை எதிர்பாக்கிறேல்லை, ஒண்டும் தின்னாமல் உடம்பின்ர வேகத்தைக் குறைச்சுப்போட்டு மழையைப் பாத்துக்கொண்டு கிடக்கு. ஐப்பசியில முதல் பெருமழை விழுந்த ராவு எல்லாம் ஒண்டா வெளிக்கிட்டுக் கிட்டவா உள்ள மோட்டைக்கு, அதுதான் மாரியில நிரம்பிக் கோடையில வத்துற சின்னக் குட்டைக்குப் போகும். ஒளிச்சுக் கிடந்த காட்டுக்கும் மோட்டைக்கும் நடுவில ரோட்டு ஓடினா அண்டைக்கு ராவு என்ன நடக்குமெண்டு அடுத்தநாள் விடிய அந்த ரோட்டைப் பாத்த ஆருக்கும் சொல்லத் தேவையில்லை, லொறி ரயரில ஒட்டினது போக மிச்சம் காகத்துக்கு.

பிரேசிலில மனாவுஸ் நகரத்துக்கு வடக்க 1979இல ஒரு பெரிய பரிசோதனை துவங்கினவை. மாடு மேய்க்கக் காட்டை வெட்டேக்க, வேணுமெண்டே 1 ஹெக்டயர், 10 ஹெக்டயர், 100 ஹெக்டயர் எண்டு சதுரம் சதுரமாக் காட்டை விட்டுப்போட்டு உள்ள இருக்கிற சீவராசிகளுக்கு என்ன நடக்குதெண்டு வருசக்கணக்காப் பாத்துக்கொண்டு வருகினம். அதில தவளையைப் பாத்த ஆக்கள் 1986இல எழுதினது எனக்கு மறக்கேலாத விசயம். சின்னத் துண்டுக்குள்ள பெக்கரி எண்ட காட்டுப்பண்டி தங்கேல்லை, போயிட்டுது. பண்டி போனாப் பிறகு அது புரண்டு புரண்டு உண்டாக்கின சேத்துக்குழி இல்லை. சேத்துக்குழி இல்லாததால அதுக்குள்ள முட்டை போட்ட தவளைச் சாதிகளும் அந்தத் துண்டில இல்லாமல் போச்சு. மரம் நிக்குது, நிழல் நிக்குது, தவளை இல்லை. காட்டின்ர பருமனைவிட முட்டை போடுற இடம்தான் தவளைக்கு முக்கியம் எண்டு அவை அப்பவே சொல்லிப்போட்டினம்.

இப்ப இதை வன்னிக்குக் கொண்டுவாங்கோ. எங்களிட்டைக் காட்டுப்பண்டி புரளுற குழி இருக்கு, எருமை படுக்கிற சேறு இருக்கு, யானைக் காலடி இருக்கு. மியன்மாரில யானைக் காலடிக்குள்ள நிக்கிற தண்ணியைப் போய்ப் பாத்தவை, அதுக்குள்ள தவளை முட்டையும், வாலோட நீந்துற தவளைக் குஞ்சான வாற்பேயும் கிடந்தது. ஆனபடியா உங்கட பக்கம் எத்தினை ஏக்கர் காடு மிஞ்சியிருக்கு எண்டு ஆரும் கணக்குக் காட்டினா, அதுக்குள்ள மாரியில தண்ணி நிக்கிற குழி எத்தினை, ஒரு குழியில இருந்து மற்றக் குழிக்கு நிழலுக்குள்ளால போகேலுமா எண்டு திருப்பிக் கேளுங்கோ. நான் இந்தப் பக்கத்தில சொல்ல வாறது முழுக்க இவ்வளவுதான், மற்றக் கேள்விகளுக்கும் சுத்திச் சுத்தி இதைத்தான் சொல்லப்போறன்.

டீச்சர், எங்க அம்மா அப்பா மஸ்கெலியா பக்கம் தோட்டத்துல இருந்து 77 கலவரத்துக்கு அப்புறம் இங்க வந்து குடியேறுனவங்க. அம்மா சொல்லுவாங்க, ராத்திரியில தேயிலைச் செடிக்குள்ளயும் பக்கத்துக் காட்டுலயும் டிக் டிக்குன்னு நகம் சைசுல ஒரு தவளை கத்தும், தண்ணியே இல்லாத எடத்துல கூட இருக்கும், ஆனா அதோட குஞ்சு தண்ணியில நீந்தி பாத்ததே இல்லைன்னு. நாங்க நம்புறதில்ல. அப்படி ஒன்னு இருக்கா? இப்பவும் இருக்குமா?
(தருமபுரம் வாசகி)

தங்கச்சி, அம்மாவிட்டை முதல்ல மன்னிப்புக் கேளுங்கோ. அவ சொன்னது நூற்றுக்கு நூறு சரி. புதர்த்தவளை எண்டு சொல்லுறது, விஞ்ஞானப் பேர் சூடோபைலோட்டஸ். இந்த இனத்தில இலங்கையில மட்டும் எண்பதுக்குக் கிட்ட சாதிக்குப் பேர் வைச்சிருக்கு, வெளிய தென்னிந்தியாவில ரெண்டு மூண்டு சாதிதான். இதுகளுக்கு வாற்பேய்ப் பருவமே கிடையாது. பொம்பிளைத் தவளை ஈரச் சருகுக்குக் கீழ சின்னக் குழி தோண்டி முட்டை போட்டு மண்ணோட கலந்து விட்டிடும், ஒண்டு ரெண்டு சாதி இலையில ஒட்டும். முட்டைக்குள்ளேயே வால் கரைஞ்சு கால் முளைச்சு, வெளிய வரேக்க சின்னனா ஒரு முழுத் தவளையாத்தான் வரும். குஞ்சு நீந்தி ஆரும் பாத்திருக்கேலாது, நீந்துறேல்லை.

குளமும் ஓடையும் தேவையில்லை எண்டா நல்ல வசதிதானே எண்டு நினைப்பியள். குளத்துக்குப் பதிலா அதுக்கு எப்பவும் ஈரமான நிலம் வேணும், அந்த ஈரத்தைக் குடுக்கிறது மேல நிக்கிற காடு. மலையகத்தில 1830களில இருந்து கோப்பிக்கு எண்டு மலை மலையா வெட்டினவை, 1869இல கோப்பி இலையில துரு நோய் வந்து அந்தப் பயிர் விழுந்தது, அதுக்கு ரெண்டு வருசம் முந்தி 1867இல லூல்கந்துரவில துவங்கின தேயிலை அந்த இடத்தைப் பிடிச்சுக்கொண்டுது. உங்கட பாட்டன் பூட்டனைக் கொண்டுவந்து வெட்டுவிச்சதும் அந்தக் காடுதான், அதை எழுதினா இன்னொரு பக்கம் வேணும். இப்ப ஈரவலயத்தில பழைய மழைக்காட்டில நூற்றுக்கு அஞ்சு வீதத்தைவிடக் குறைவாத்தான் மிஞ்சியிருக்கெண்டு சொல்லுகினம், அதுவும் தேயிலைக்கும் இறப்பருக்கும் நடுவில துண்டு துண்டா. புதர்த்தவளையில 15க்கு மேல சாதி அழிஞ்சே போச்சு எண்டு பதிவு, அதில கன சாதியை உயிரோட பாத்த ஆக்கள் இப்ப ஒருத்தரும் இல்லை, 1800களில பிடிச்சு ஸ்பிரிட்டுக்குள்ள போட்டு வெளிநாட்டு மியூசியத்தில வைச்ச போத்தல் மட்டுந்தான் சாட்சி.

ரொஹான் பெத்தியாகொட, மாதவ மீகஸ்கும்புர, கேலும் மனமேந்திர ஆராச்சி மாதிரி ஆக்கள் வருசக்கணக்கா ராவில காடு காடாத் திரிஞ்சு, இந்தத் தீவில இவ்வளவு தவளைச் சாதி கிடக்கு எண்டு 2002இல உலகத்துக்குச் சொன்ன பிறகுதான் எல்லாரும் திரும்பிப் பாத்தது. உங்கட அம்மாவுக்குச் சொல்ல ஒரு சந்தோசமான விசயமும் இருக்கு. 1853இல கெலார்ட் எண்ட வைத்தியர் பேர் வைச்ச, உடம்பில நட்சத்திரம் மாதிரிப் புள்ளி உள்ள புதர்த்தவளை ஒண்டு, அதுக்குப் பிறகு ஒருத்தர் கண்ணிலயும் படாததால அழிஞ்ச கணக்கில எழுதிப்போட்டினம். அது 2009இல சிவனொளிபாதமலைக் காட்டில உயிரோட கண்டுபிடிபட்டது. மஸ்கெலியாவுக்குப் பக்கத்துக் காடு! கத்திக்கொண்டுதான் இருந்திருக்கு, கேக்கத்தான் ஆள் இல்லை.

ஆனா தேயிலைச் செடிக்குள்ள கத்தினது அந்த அபூர்வ சாதியா இருக்காது. தோட்டத்துக்குள்ளயும் சமாளிச்சு வாழுற சாதி கொஞ்சம் இருக்கு, காட்டை விட்டு ஒரு அடியும் வராத சாதிதான் கூட. இறக்குவானைப் பக்கம் மோர்னிங்சைட் எண்ட ஒரு காடு, தேயிலையும் ஏலமும் சுத்தி நெருக்கின ஒரு துண்டு, அங்க மட்டுமே இருக்கிற தவளைகள் கன சாதி உண்டு. உயர்ந்த மரத்தை வெட்டாமல் கீழ்ப் பற்றையைத் துப்புரவாக்கி ஏலம் வைச்சாலே போதும், சருகு காயும், முட்டை காயும். மேல பறந்து பாத்தா காடு பச்சையாத்தான் தெரியும்.

ரீச்சர், நான் வவுனியாவில ஏஎல் பயோ படிக்கிறன். அழியிற தவளை ரெண்டு மூண்டு சோடியை சிங்கராஜாவில இருந்து கொண்டுவந்து எங்கட காட்டுக்குள்ள விட்டா என்ன? இல்லாட்டி வீட்டில ராங்கில வைச்சுப் பெருக்கலாமா? புரொஜெக்ட்டுக்கு நல்லா இருக்கும்.

பிள்ளை, ஆசை நல்லது, செய்தா சட்டத்துக்குப் பதில் சொல்லவேணும். வனஜீவராசிகள் திணைக்களத்தின்ர அனுமதி இல்லாமல் காட்டுச் சீவனைப் பிடிக்கேலாது, அது 1937ஆம் ஆண்டுச் சட்டத்தில இருந்து வாற கதை. சட்டத்தை விட்டாலும், வருசம் முழுக்க நனைஞ்சு கிடக்கிற காட்டில பிறந்ததை ஆடி மாச வவுனியாவில விட்டா ஒரு கிழமை தாங்குமோ தெரியாது.

இதைவிடப் பயமானது நோய். தவளையின்ர தோலைப் பிடிக்கிற பங்கசு ஒண்டு இருக்கு, கைற்றிட் எண்டு சொல்லுறது, 1990களின்ர கடைசியிலதான் அதை ஆரெண்டு கண்டுபிடிச்சவை. தோலைக் கெடுத்து உடம்பின்ர உப்புக் கணக்கைக் குழப்பிக் கடைசியில இதயத்தை நிப்பாட்டிவிடும். 2019இல வந்த கணக்கின்படி 501 சாதி இதால குறைஞ்சிருக்கு, அதில 90 சாதி அழிஞ்சே போச்சு. இது உலகமெல்லாம் போனதுக்குப் பெரிய காரணம் மனிசர் தவளையை இடம் மாத்தினதும் வித்ததும்தான். கொஸ்தாரிக்காவில மொன்ரேவெர்டே மலைக்காட்டில மஞ்சள் தேரை எண்டு ஒண்டு இருந்தது, காடு பாதுகாப்பில இருந்தது, ஒரு மரம் வெட்டேல்லை, எண்டாலும் 1989க்குப் பிறகு அதை ஒருத்தரும் காணேல்லை.

வளர்த்துத் திருப்பி விடுறது எண்டா என்ன பாடு எண்டு அறிய தன்சானியாவின்ர கிகான்சித் தேரையைப் படி. ஒரு அருவியின்ர தூவானம் அடிக்கிற ரெண்டு ஹெக்டயர் அளவு நிலத்தில மட்டுமே வாழ்ந்த சின்னத் தேரை அது, குட்டிதான் போடும், முட்டை போடாது. மின்சாரத்துக்கு அணை கட்டி 2000இல தண்ணியைத் திருப்பினவுடன தூவானம் நிண்டுபோச்சு. ஏறத்தாழ 500 தேரையை அமெரிக்காவுக்குக் கொண்டுபோய் மிருகக்காட்சிச்சாலையில வளர்த்தவை, அங்க காட்டில 2009இல அழிஞ்சதெண்டு அறிவிச்சாச்சு, பிறகு பைப் பூட்டிச் செயற்கையாத் தூவானம் அடிச்சு 2012இல திருப்பிக் கொண்டுபோய் விடத் துவங்கினவை. எவ்வளவு காசு, எவ்வளவு வருசம், எத்தினை நாட்டு ஆக்கள் எண்டு யோசி. வேற வழியே இல்லாத இடத்தில செய்யிற கடைசி வேலை அது, ராங்கில வைக்கிற புரொஜெக்ட் இல்லை.

உன்ர புரொஜெக்ட்டுக்கு நான் ஒண்டு சொல்லுறன். தவளை தன் வாயால் கெடும் எண்டு பழமொழி, பாம்புக்கு அது வாய்ப்பு, ஆனா தவளையைக் கணக்கெடுக்கிற ஆக்களுக்கும் அந்த வாய்தான் உதவி. ஒவ்வொரு சாதிக்கும் ஒவ்வொரு சத்தம், கத்துறது அனேகமா ஆம்பிளைதான். ஐப்பசியில இருந்து தை மட்டும் கிழமைக்கு ஒரு ராவு, ஒரே நேரத்தில, ஒரே மூண்டு நாலு இடத்தில நிண்டு போனில அஞ்சு நிமிசம் றெக்கோர்ட் பண்ணு. ஒண்டு ஊர்மனைக் குளக்கட்டு, ஒண்டு வயல், ஒண்டு காட்டோர மோட்டை எண்டு எடுத்தாச் சரி. திகதி, நேரம், மழை பெஞ்சதா, தண்ணி எவ்வளவு நிண்டது, பக்கத்தில மரம் நிக்குதா எண்டு ஒரு கொப்பியில எழுது. கையால பிடிக்கவே தேவையில்லை. வரண்ட வலயத் தவளையைப் பற்றி எழுதினது மலைநாட்டைப் பற்றி எழுதினதோட பாத்தா மிச்சம் குறைவு, மிகிந்தலைப் பக்கம் நாளாந்தம் ஆக்கள் மிதிச்சுத் திரியிற ஒரு சின்னத் தவளையைத் தனிச் சாதி எண்டு பிரிச்சுப் பேர் வைச்சதே 2016இலதான், மைக்ரோஹைலா மிகிந்தலை.

தனியப் போகாத, அப்பாவையோ அண்ணையையோ கூட்டிக்கொண்டு போ. ரோச்சும் சப்பாத்தும் கட்டாயம், தவளை கத்துற இடத்துக்குப் புடையனும் வரும். ஒதுக்கக் காட்டுக்குள்ள போறதெண்டா அனுமதி எடுக்கவேணும். மண்டையோடு போட்ட கண்ணிவெடிப் பலகை நிக்கிற பக்கம் திரும்பியும் பாக்காத.

எங்கட வயலுக்குள்ள முந்தின மாதிரித் தவளைச் சத்தம் இல்லை. புல்லுக்கு அடிக்கிற மருந்தாலையோ?
(மல்லாவி, கமக்காரர்)

அண்ணை, அதுவும் ஒரு காரணம். களைநாசினியில கனக்க, இலையில ஒட்டிப் பிடிக்க எண்டு சோப்பு மாதிரி ஒரு சாமான் கலந்திருக்கும், மருந்தைவிடச் சிலவேளை அதுதான் வாற்பேயின்ர செவுளைத் தாக்குது. காலபோகத்துக்கு உழுது விதைச்சு மருந்தடிக்கிற நேரமும் தவளை முட்டை போடுற நேரமும் ஒண்டாப் போறதுதான் வன்னியில பெரிய சிக்கல். மருந்தே அடிக்கவேண்டாம் எண்டு நான் சொல்லமாட்டன், 2021இல பசளையையும் மருந்தையும் ஒரேயடியா நிப்பாட்டி நீங்கள் பட்ட பாடு காணும். வரம்பு ஓரத்திலயும் வாய்க்கால்லயும் அடிக்காதேங்கோ, ராங்கை மோட்டையிலயோ குளத்திலயோ கழுவாதேங்கோ, மழை வாற மாதிரி இருந்தா அண்டைக்கு விடுங்கோ. மழையில கழுவுப்பட்டா உங்கட காசும் சேர்த்துத்தான் போகுது.

எங்கட ஊர்க் குளத்தைத் திருத்தக் காசு வந்திருக்கு. கட்டை உயர்த்தி, தூர் எடுத்து, சுத்தி உள்ள பற்றையெல்லாம் பெக்கோவால துப்புரவாக்கிறதாப் பிளான். கிராம அபிவிருத்திச் சங்கத்தில நான் செயலாளர். நீங்கள் எழுதினதை வாசிச்சாப் பிறகு யோசனையாக் கிடக்கு. என்ன கேக்கவேணும்?
(ஒட்டுசுட்டான் பக்கத்து வாசகி)

இந்தக் கடிதத்துக்காகத்தான் நான் இவ்வளவும் எழுதினது எண்டு சொன்னாலும் பிழையில்லை. ஒரு கூட்டத்தில நீங்கள் வாய் திறந்தா ஒரு மாரிக்கு உரிய தவளை தப்பும்.

குளம் திருந்தவேணும், தண்ணி இல்லாமல் கமம் இல்லை, அதில ஒரு மறுப்பும் இல்லை. ஆனா பழைய ஆக்கள் குளத்தைக் கட்டும் தண்ணியும் எண்டு மட்டும் வைக்கேல்லை. குளத்துக்குத் தண்ணி வாற மேல்பக்கத்தில மருதும் நாவலும் புல்லும் விட்டவை, அது வண்டலை மறிச்சுக் குளம் தூர்ந்துபோகாமல் காக்கும். கட்டுக்குப் பின்பக்கம் கசிவுத் தண்ணி ஊறிச் சொதசொதத்துக் கிடக்கிற ஒரு பற்றை நிலம் இருக்கும். எஞ்சினியருக்கு அது வீண் நிலம். தவளைக்கு ஆடி ஆவணியிலயும் ஈரம் இருக்கிற ஒரே இடம் அதுதான். அந்த ரெண்டையும் பெக்கோ தொடக்கூடாது எண்டு கூட்டத்தில எழுத்தில பதிவியுங்கோ. கட்டில நிக்கிற மரத்தின்ர வேர் கட்டை வெடிக்கவைக்கும் எண்டு சொன்னா அது நியாயம், கட்டில உள்ளதை எடுக்கட்டும், கட்டுக்குப் பின்னால உள்ளதுக்கு அந்த நியாயம் பொருந்தாது.

எடுக்கிற தூரைக் கொண்டுபோய் எங்க கொட்டுறது எண்டு கட்டாயம் கேளுங்கோ. வழமையாக் கிட்டவா உள்ள மோட்டைக்குள்ளதான் கொட்டுவினம், பள்ளம் நிரவின மாதிரியும் போச்சு, லொறிச் செலவும் மிச்சம். அந்த மோட்டைதான் முக்கியம். கோடையில வத்திப் போறதால அதுக்குள்ள மீன் தங்காது, மீன் தங்காததால வாற்பேயை விழுங்க ஆள் இல்லை, அதாலதான் பெரிய குளம் பக்கத்தில கிடந்தும் தவளை அந்தச் சேத்துக் குழியைத் தேடிப் போகுது. போன மாரியில நெடுங்கேணிப் பக்கம் பழைய கிரவல் கிடங்கு ஒண்டுக்குப் பக்கத்தில ராவு நிண்டு பாத்தன், முழங்கால் அளவு கலங்கல் தண்ணி, அதில முதுகில செம்மஞ்சள் திட்டு உள்ள குண்டுத் தவளை உடம்பை ஊதி மிதந்துகொண்டு நிண்டு மாடு அனுங்கிற மாதிரிச் சத்தம் போடுது, ரோச் அடிச்சவுடன காத்தை விட்டிட்டுப் பொசுக்கெண்டு சுருங்கி அமிழ்ந்துபோச்சு. மேல ஒரு கொப்பில மரத்தவளை நுரையைக் கட்டித் தொங்கவிட்டிருக்கு, பொம்பிளை பின்னங்காலால அடிச்சு அடிச்சு உண்டாக்கிற நுரை, உள்ள முட்டை, நாலைஞ்சு நாளில வாற்பேய் நுரையில இருந்து நேரா கீழ தண்ணிக்குள்ள விழும். அந்தக் கொப்பை வெட்டினா விழுறதுக்குத் தண்ணி இருந்தும் பிரியோசனமில்லை.

இன்னொண்டு, குளம் திருத்தி முடிய மீன் குஞ்சு விடுறது வழமை. குளத்தில விடட்டும், ஜப்பான் மீன் 1950களில வந்தது இப்ப எங்கட சாப்பாடு. மோட்டைக்குள்ள மட்டும் ஒரு மீனும் விடவேண்டாம் எண்டு பெடியளுக்குச் சொல்லுங்கோ. ரோட்டுப் போடுறதும் உங்கட பிளானில இருந்தா, குளத்துக்கும் காட்டுக்கும் நடுவில வாற இடத்தில ஒண்டு ரெண்டு மதகு கூட வைக்கச் சொல்லுங்கோ, தண்ணிக்கு எண்டு வைக்கிற மதகுக்குள்ளால தவளையும் போகும், உடும்பும் போகும். வேலையைப் புரட்டாதிக்கு முதல் முடிக்கச் சொல்லுறதும் நல்லது, மழை துவங்கினாப் பிறகு பெக்கோ இறங்கினா முட்டையும் போச்சு, ரோட்டும் சேறு.

திறப்புவிழாவில மரம் நடுவினம், தேக்கங்கண்டு தருவினம், படம் எடுப்பினம். வாங்கி நடுங்கோ, சண்டை பிடிக்கவேண்டாம். வெட்டாமல் விட்ட ஒரு மருதுக்கு அது ஈடில்லை எண்டதை மட்டும் மனசில வைச்சிருங்கோ.

நான் வன்னிக்கு வந்த காலம் மலேரியாக் காலம். குயினைன் தின்ற தலைமுறை. தவளை கூடின இடத்தில நுளம்பு குறையும் எண்டு ஆக்கள் சொல்லுறது உண்மையோ, இல்லாட்டித் தண்ணி நிக்கிற குழியாலதான் நுளம்பு வருமோ? ரெண்டும் சொல்லுகினம்.
(கிளிநொச்சி, ஓய்வுபெற்ற தபால் உத்தியோகத்தர்)

ஐயா, ரெண்டும் உண்மை, அதுதான் சங்கடம். இலங்கையில மலேரியா போனது தவளையால இல்லை. மருந்தடிச்சு, ரத்தம் சோதிச்சு, வீடு வீடாத் திரிஞ்சு வேலை செய்த ஆக்களால போனது, சண்டை நடந்த காலத்திலயும் அந்த வேலை நிக்கேல்லை, 2016இல உலக சுகாதார நிறுவனம் நாட்டுக்குச் சான்றிதழ் தந்தது. ஆனா மத்திய அமெரிக்காவில கொஸ்தாரிக்காவிலயும் பனாமாவிலயும் முந்திச் சொன்ன பங்கசு வந்து தவளை சரிஞ்ச பிறகு அதே பகுதியில மலேரியா கூடினதெண்டு 2022இல ஒரு ஆய்வு வந்தது. வாற்பேயும் தவளையும் இல்லாமல் போக நுளம்பு கூடியிருக்கலாம் எண்டது அவையின்ர விளக்கம்.

மாரி முழுக்கத் தண்ணி நிண்டு தவளையும் தும்பியும் தண்ணிப்பூச்சியும் குடியிருக்கிற மோட்டையில நுளம்புக் குடம்பியைத் தின்ன ஆள் இருக்கு. நேற்று ரயரில, பிளாஸ்ரிக் கோப்பையில, சிரட்டையில நிண்ட தண்ணிக்குள்ள ஒருத்தரும் இல்லை, டெங்கு நுளம்புக்கு அது சொர்க்கம். அதுகளைக் கவிட்டுவிடுங்கோ, மோட்டையை விடுங்கோ. கிணத்துக்குக் கப்பி மீன் விடுறதில பிழையில்லை.

கக்கூசுக்குள்ள சுவரில மரத்தவளை ஒண்டு ஒட்டிக்கொண்டு நிக்குது, பிள்ளையள் கத்துதுகள். உப்புப் போட்டாப் போகுமாம், போடலாமோ?
(புதுக்குடியிருப்பு)

போடாதேங்கோ! உப்பு அதின்ர தோலால தண்ணியை இழுத்துத் துடிக்கத் துடிக்கக் கொல்லும். கோடையில உங்கட வீட்டில ஈரம் இருக்கிற ஒரே இடம் அதெண்டு வந்து நிக்குது, கடிக்காது, நஞ்சில்லை. கையை நனைச்சுக்கொண்டு மெல்லப் பிடிச்சு வெளிய வாழையடியில விட்டாச் சரி. நாளைக்கும் வரும். பிள்ளையளைப் பழக்குறது சுகம்.

எங்கட தென்னையில தேரை மோந்த தேங்காய் கூட வருது. தேரையைத் துரத்த என்ன வழி?
(வட்டக்கச்சி)

தேரை தென்னையில ஏறாது, தங்கச்சி. உள்ள பருப்பு வைக்காத தேங்காய் வாறது மகரந்தம் சரியாச் சேராததால, இல்லாட்டி பொட்டாசும் போறனும் குறைஞ்சதால. கமநல சேவை நிலையத்தில கேட்டு மண்ணைச் சோதிச்சுப் பசளையைப் போடுங்கோ, கோடையில பாத்தியில தும்பு தாட்டுத் தண்ணி விடுங்கோ. அந்தத் தும்புக்குக் கீழ தேரை வந்து கிடக்கும், கிடக்கட்டும், கறையானைத் தின்னும்.